தட்டிவிட்டுப் போன கை

நான் சைக்கிளில் அலுவலகம் சென்றதற்கு வறுமை காரணமன்று. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களில் நானும் ஒருவன். பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன். சில ஆண்டுகளில் பிரிவுக் கண்காணிப்பாளர் ஆனேன். உடன் பணியாற்றியவர்கள் ஒவ்வொருவராக மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் மாறினார்கள். எனக்கு அதில் நாட்டம் ஏற்படவில்லை. நகருக்குள்ளிருந்த வீட்டிலிருந்து வேங்கிக்காலில் இருந்த அலுவலகத்துக்குச் சைக்கிளில் இருபது நிமிடம். ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் அமர்ந்திருப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை. எந்த அலுவலகம் என்பதை எழுதப் போவதில்லை. அங்கே இன்றும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள். இதில் அவர்களுக்குப் பங்கில்லை.

அலுவலகத்துக்குள் நான் நுழைந்தால் பிரிவில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். வெளியே சாலையில் அந்த மரியாதைக்கு இடமில்லை. ஒரு மழைக்காலக் காலையில் எங்கள் அலுவலக ஜீப்பே என்னைச் சாலையை விட்டு இறக்கியது. வேலூர் சாலையின் தார் விளிம்பு அந்த இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுப்பட்டிருக்கும். கீழே செம்மண் சேறு. விழாமல் சமாளித்துவிட்டேன். ஆனால் முழங்கால் வரை சேறு. பதினோரு மணியளவில் அந்த ஜீப்பின் ஓட்டுநர் கையெழுத்து வாங்க என்முன் வந்து நின்றார். என் கால்சட்டையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“ஐயையோ, நீங்களா சார்? சத்தியமா தெரியலைங்க சார். எவனோ சைக்கிள்காரன்னு நெனச்சுட்டேன்.”

“எவனோ ஒருத்தனா இருந்தா பரவாயில்லையா?”

“அப்படி இல்லைங்க சார். அவனுங்க ஓரமாப் போவ மாட்டானுங்க. ஹாரன் அடிச்சாத்தான் வழிக்கு வருவானுங்க.”

அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு கண்காணிப்பாளரிடம் கேட்ட மன்னிப்பு. சைக்கிளில் வந்தவனிடம் கேட்டதல்ல. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

அந்தச் சாலையில் லாரியைக் கண்டால் பேருந்து விட்டுக்கொடுக்கும், பேருந்தைக் கண்டால் வேன் விட்டுக்கொடுக்கும், வேனுக்கு ஸ்கூட்டர். சைக்கிளில் வருபவன் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். அவனுக்கு விட்டுக்கொடுக்க எவரும் இல்லை. நேற்றுவரை சைக்கிள் மிதித்தவன் இன்று மொபெட் வாங்கிவிட்டால், முதல் வேலையாக முன்னால் போகும் சைக்கிளைப் பார்த்து ஹாரன் அடிப்பான். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆசிரமங்களில் தங்க வரும் வெள்ளைக்காரர்கள் வாடகைச் சைக்கிளில், சாலையின் நடுவில், இடமும் வலமும் வேடிக்கை பார்த்தபடி போவார்கள். அவர்களுக்காகத் தனியார் பேருந்துகூட வேகம் தணித்து ஒதுங்கிச் செல்லும். கை கூப்பிவிட்டுப் போன ஓட்டுநரையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒதுங்கத் தெரியாதவர்கள் அல்லர் இந்த ஓட்டுநர்கள். யாருக்கு ஒதுங்க வேண்டும் என்பதைக் கணக்காகத் தெரிந்து வைத்திருந்தவர்கள்.

இனி அந்தக் கையைப் பற்றி எழுத வேண்டும். அக்காலத் தனியார் பேருந்துகளில் பின்படியில் கிளீனர் ஒருவர் தொங்கிக்கொண்டு வருவார். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கும்; இரண்டு தட்டினால் புறப்படும். அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சைக்கிளை நெருங்கும்போது, ஓட்டுபவனின் காதருகே வரும் நேரம் பார்த்துத் தகரத்தில் ஓங்கி அறைவார். அவன் திடுக்கிட்டு ஆடுவான். “இன்னாய்யா, வூட்ல சொல்ட்டு வந்துட்டியா?” என்ற கேள்வி பின்னால் வரும். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று முந்தும் அவசரத்தில் அந்தக் கை தகரத்தில் விழாமல் முதுகில் விழுவதும் உண்டு. அதற்கும் சிரிப்பார்கள். என் முதுகில் இருமுறை விழுந்திருக்கிறது. வீட்டில் சொன்னதில்லை. அலுவலகத்தில் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் மேல்நிலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். வேலூர் சாலையில் நடந்த கணக்குத் தனிவகுப்புக்காக அவளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அவள் தாய்க்கு அதில் சம்மதமில்லை.

“பொம்பளப் புள்ளைங்க. அந்த ரோட்ல லாரியும் பஸ்ஸும் கண்ணு மண்ணு தெரியாம வருது. ஆட்டோல அனுப்பலாங்க.”

“என் பொண்ணை யார் என்ன பண்ணிடுவான்?” என்றேன்.

முதுகில் இருமுறை வாங்கியவன் பேசிய பேச்சு அது. என் பெயர் அந்தச் சாலையில் செல்லாது என்பதை நானே அறிவேன். இருந்தும் அவளுக்கு அது செல்லும் என்று எப்படியோ நம்பியிருந்தேன்.

ஐந்தாறு மாதங்கள் கழித்து, பள்ளிக்கு மட்டும் விடுமுறையாயிருந்த ஒரு வேலை நாளில், முற்பகல் வேளையில் வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்தார். போனபோது மகள் கூடத்து நாற்காலியில் இருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கித் திரும்பியிருந்தது. முழங்கையில் ஜல்லி கீறிய ரத்தம். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவர் வாசலிலேயே நின்றார்.

“கிளீனர் பையன் முதுவுல ஒண்ணு வெச்சான் சார். பாப்பா ஓரமாத்தான் வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். பஸ்ஸு நிக்கவே இல்ல.”

அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மகள் அழவில்லை. “பஸ் நம்பர் எனக்குத் தெரியும்ப்பா,” என்றாள். எண்ணைச் சொன்னாள். “தெரியாம படலப்பா. வேணும்னு அடிச்சான். நான் கீழ வுழுந்ததும் ஜன்னல்ல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்துச் சிரிச்சாங்க. போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்ப்பா.”

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். “தெரிஞ்சவங்க யாராவது பார்த்தாங்களா?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்து, “இல்லப்பா,” என்றாள்.

பதினாறு வயதுப் பெண்ணின் முதுகில், நடுச்சாலையில், பேருந்துக் கிளீனர் ஒருவன் கை வைத்தான் என்ற செய்தி இந்த ஊரில் எப்படிப் பரவும், பரவும்போது எப்படியெல்லாம் உருமாறும் என்பதை நான் அறிந்திருந்தேன். காவல் நிலையம் சென்றால் எங்கே அடித்தான், எப்படி அடித்தான் என்று நாலு பேர் நடுவில் அவளைக் கேட்பார்கள். நாளைக்கு வரன் பார்க்க வருபவர்கள் அதையே வேறு விதமாகக் கேட்பார்கள். அரசு மருத்துவமனைக்குச் சென்றாலும் தப்ப முடியாது. சாலையில் பட்ட அடி என்றால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள்; அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். பதிவேடுகளின் போக்கை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. ஏட்டில் ஏறாத ஒன்று நடக்காத ஒன்று என்பதே நான் பயின்ற தொழில்.

ஆகவே வாடகைக் கார் வைத்து, கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்த எலும்புக் கட்டு வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவரிடம் ஏடு எதுவும் கிடையாது. பெயரைக்கூடக் கேட்கவில்லை. மணிக்கட்டை இழுத்துப் பிடித்து, முட்டை வெள்ளைக்கரு தோய்த்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “எப்படிம்மா வுழுந்த?” என்று வைத்தியர் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா.”

சொன்ன அந்தக் கணம்வரை அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் சொன்னபின் அது நிலைத்துவிட்டது. உறவினர், அண்டை வீட்டார், ஹார்லிக்ஸ் புட்டியும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு வந்த என் பிரிவு ஊழியர்கள் என எல்லோரிடமும் அதையே சொன்னேன். குளியலறைத் தரையில் பாசி பிடித்திருந்தது என்று சேர்த்துக்கொண்டேன். ஒருவர் சொரசொரப்பான கல் பதிக்கச் சொன்னார், பதித்தேன். மகள் ஒவ்வொரு முறையும் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, நேராகக் கூடவில்லை. மணிக்கட்டு வெளிப்புறமாகச் சற்று வளைந்து நின்றது. குடத்தை இடுப்பில் வைத்தால் இடது கையால் அணைத்துப் பிடிக்க அவளால் முடியாது. உடைத்து மறுபடி கூட்டலாம் என்று வேலூரில் ஒரு மருத்துவர் சொன்னார். “வேணாம்,” என்று மகளே சொல்லிவிட்டாள். சைக்கிளைப் பின்கட்டில் நிறுத்தித் துணி போட்டு மூடினேன். அவள் தனிவகுப்புக்கு ஆட்டோவில் சென்றாள். நான் வழக்கம்போல் சைக்கிளில் அலுவலகம் சென்றேன். அந்த எண் கொண்ட பேருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என்னைக் கடந்து போகும். வரும் ஓசை கேட்டதும் மண்ணில் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி, அது போகும்வரை நின்றுகொள்வேன்.

ஐந்து ஆண்டுகள் இவ்வாறு போயின. மகள் இளநிலைப் பட்டம் முடித்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர் வேங்கிக்காலுக்கு அப்பாலிருந்து வருபவர். கேரியரின் இருபுறமும் கேன் தொங்க, விடியற்காலையில் நகருக்கு வந்து, எட்டு மணிவாக்கில் காலிக் கேன்களுடன் திரும்பிப் போவார். அப்படித் திரும்புகையில், அதே சாலையில், இரண்டு பேருந்துகள் முந்திக்கொண்டு வந்தன. அந்த எண் கொண்ட பேருந்தின் பின்படியிலிருந்தவன் அவர் தோளில் அறைந்தான். அவர் மண் ஓரத்துப் பக்கம் விழாமல் பேருந்துப் பக்கம் விழுந்தார். பின்சக்கரம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். கேன் ஆடியது, அவரே சாய்ந்து விழுந்தார் என்று பேருந்துக்காரர்கள் சொன்னார்கள். பயணிகள் ஒருவரும் பார்க்கவில்லையாம். அந்த வாரத்திலிருந்து அவர் மனைவி கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்து பால் ஊற்றினார். மகள் அந்த அம்மாளுடன் வாசலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததை ஓரிரு நாள் கவனித்தேன். கணவனை விசாரிக்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள். மரத்தடியில் தொடங்கும் வரிசை படியேறி வராந்தா வழியாக மேலதிகாரியின் மேசைவரை நீளும். பெறப்பட்ட மனுக்கள் மறுநாள் காலை பிரிவு வாரியாகக் கட்டுக் கட்டாக வந்துவிடும். சாலை, வாகனம் பற்றியவை என் பிரிவுக்கு வரும். ஒரு செவ்வாய்க்கிழமை என் உதவியாளர் ஒரு மனுவை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு வந்தார். தயங்கினார்.

“சார், இந்த மனுவுல... அட்ரஸ் உங்க வூட்டு அட்ரஸா இருக்குதுங்க சார்.”

வாங்கிப் பார்த்தேன். மகளின் கையெழுத்து. பால்காரர் மனைவியின் கைநாட்டும், கீழே மகளின் ஒப்பமும். பின்படியில் நிற்பவர்கள் சைக்கிளில் செல்வோரைக் கையால் அடிக்கும் வழக்கத்தை விசாரித்து நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. நடந்ததைச் சுருக்கமாக, பிழையின்றி எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியில் நாலு வரி அவளைப் பற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே பேருந்தின் கிளீனர் தன்னையும் முதுகில் அடித்து வீழ்த்தியதாகவும், மணிக்கட்டு முறிந்ததாகவும், அன்றே புகார் செய்திருந்தால் இவருக்குக் கால் போயிருக்காது என்று தான் நம்புவதாகவும் எழுதியிருந்தாள்.

உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். “சார், பாப்பா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துச்சுன்னு தானே சொன்னீங்க? நாங்கூட வந்து பாத்தேனே.”

“மனுவை வச்சுட்டுப் போங்க,” என்றேன்.

அன்று மாலை வீட்டில் மகளைக் கூப்பிட்டேன். என் குரல் உயரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டேன்.

“சொல்லியிருந்தா குடுக்க வேணாம்னு சொல்லியிருப்பீங்கப்பா.”

“அது எந்தப் பிரிவுக்கு வரும்னு தெரியுமா உனக்கு?”

“உங்க டேபிளுக்குத்தான் வரும். தெரிஞ்சுதான் குடுத்தேன். அந்தம்மா பக்கம் சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லப்பா. அந்த டீக்கடையும் இப்ப இல்ல. எனக்கு நடந்தது நெசம்னு தெரிஞ்சவங்க இந்த வூட்ல மூணு பேருதான். எழுத வேண்டிய இடத்துல நீங்க இருக்கீங்க. எழுதுங்க.”

மனைவி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். “இப்ப எதுக்குடி பழசெல்லாம்?” என்றாள். அதில் வேகமில்லை. அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுத வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: மனுதாரர் என் மகள், மனுவின் இறுதிப் பத்தியில் உள்ளது உண்மையென நான் நேரில் அறிவேன், ஆகவே இக்கோப்பை வேறொரு பிரிவுக்கு மாற்றலாம். விதிப்படியும் அதுவே சரி. இரவெல்லாம் யோசிக்கவில்லை, நான் அவ்வளவு குழம்புகிறவன் அல்லன். அலுவலகம் போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த வாக்கியத்தை எழுதினால் அது அறை அறையாகப் போகும். கண்காணிப்பாளர் பொய் சொன்னார் என்பார்கள். மகளை ஒரு கிளீனர் அடித்தபோது பேசாமலிருந்தார் என்பார்கள். பதினொரு ஆண்டுகளாக என் குறிப்புகளை எந்த அதிகாரியும் திருத்தியதில்லை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

உதவியாளரைக் கூப்பிட்டேன்.

“மனுவோட ஆதாரம் ஏதாவது இணைச்சிருக்காங்களா?”

“இல்லைங்க சார்.”

“மருத்துவச் சான்று?”

“இல்லைங்க.”

“அதை எழுதுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். இரண்டாம் மனுதாரர் தமது கூற்றுக்கு ஆதாரமாக மருத்துவச் சான்றோ காவல் நிலையப் புகாரோ இணைக்கவில்லை. முதல் மனுதாரரின் கணவர் தவறி விழுந்ததாகப் பேருந்து உரிமையாளர் தெரிவிக்கிறார். நேரில் கண்ட சாட்சி இல்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை. ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினேன். மேலே சென்றது, ஒப்புதலாகி வந்தது.

மனுவுக்குப் பதில் அனுப்புவது அலுவலக வழக்கம். ஆறு வாரங்கள் கழித்து, மகளின் பள்ளிக்கும் விடுமுறையாயிருந்த ஒரு நாள் மதியம், நான் விடுப்பில் வீட்டிலிருந்தபோது, தபால்காரர் பழுப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மகள் வாசலிலேயே பிரித்து, நின்றபடி படித்தாள். மேலே அதிகாரியின் பெயர். கீழே, நகல் சரியென்பதற்கு அடையாளமாக என் கையெழுத்து. எந்தக் கடிதம் என்று பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பார்த்துத்தான் இட்டேன்.

“இதுல எந்த வரிப்பா பொய்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பொய் இல்லை.”

“ஆமாம்,” என்றாள். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். “அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும்.”

வேங்கிக்காலுக்கு அப்பால் அந்த வீட்டில், காலில்லாத மனிதரின் கட்டிலருகே உட்கார்ந்து, நான் காற்புள்ளி திருத்திய வாக்கியங்களை என் மகள் உரக்கப் படித்திருக்கிறாள். கடைசியில் உள்ள கையெழுத்து யாருடையது என்றும் அந்த அம்மாள் கேட்டிருக்க வேண்டும்; இவளும் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் அவளிடம் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் தெரிந்தது.

வழக்கமான நேரத்துக்கு மனைவி பாத்திரத்துடன் வாசலில் நின்றாள். பால்காரர் மனைவி எதிர்வீட்டில் ஊற்றினார். பக்கத்து வீட்டில் ஊற்றினார். எங்கள் வாசலைக் கடந்தார்.

“இன்னாம்மா, எங்களுக்கு?” என்றாள் மனைவி.

“இன்னிக்கி பாலு கம்மிங்கம்மா,” என்றார் அவர். நிற்கவில்லை.

கேனில் இன்னும் பால் நிறைய இருந்தது. தலைச்சுமையின் கனத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மகள் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதே முக்காலுக்கு நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன்.